ஐரிஸ் பாத்தியின் நல்ல பக்கம்

மே 6

வணக்கம்.

உங்களை எப்படிக் கூப்பிட்டுத் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். முறைப்படி பார்த்தால் நீங்கள் எனக்கு மூத்தவர், அக்கா என்று எழுத வேண்டும். வயதுப்படி பார்த்தால் நான்தான் உங்களைவிட மூத்தவளாம். அதனால் வம்பே வேண்டாம் என்று வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் யார் என்று இதற்குள் தெரிந்திருக்கும். உங்கள் மகள் இப்போது இருக்கும் வீட்டில், அவளுடைய அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வாழ்கிறவள்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எல்லார் போன் பூட்டும் உங்கள் மகள் மேனேஜருக்கு அத்துபடி. (அந்தப் பட்டப்பெயரை வைத்தது நீங்கள்தானாம். பதினோரு வயதில் அவள் போடுகிற அதிகாரத்துக்கு அது கச்சிதம்.) நான் உங்களுக்கு ஒரு வரி அனுப்பினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் நீங்கள் பல் செட்டு செய்யும் லேபின் விலாசத்தை அவரிடம் கேட்டு வாங்கித் தபாலில் எழுதுகிறேன். பதில் எழுதுவதானால் நான் வேலை பார்க்கும் கடைக்கு எழுதுங்கள். காது கேட்கும் கருவி விற்கிற கடை. விலாசம் உறைமேல் இருக்கிறது.

விஷயம் செடியைப் பற்றியது. போன ஆகஸ்டில் நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது மேனேஜர் இரண்டு பெட்டியும் ஒரு சாக்கும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். சாக்கு நிறைய உங்கள் வீட்டு ஐரிஸ் பூச்செடியின் கிழங்கு. பின்பக்கச் சுவரை ஒட்டி அவர்தான் குழி தோண்டி நட்டார். (அவர் என்று நாம் இருவரும் ஒரே ஆளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, லிஃப்டே இறங்குகிற அளவுக்குத் தோண்டிவிட்டார்.

இந்த வருஷம் பூத்தது இரண்டே பூ. இப்போது இலை நுனியிலிருந்து மஞ்சள் இறங்கிக்கொண்டே வருகிறது. பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு மஞ்சள் வளையம். நாலு புள்ளி ஒன்று சேர்ந்தால் இலை அந்த இடத்தில் காய்ந்து மடங்கிவிடுகிறது.

"என்னம்மா, இலையெல்லாம் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டேன். "நீங்க தொடாதீங்க. அது எங்கம்மா செடி" என்றாள். நான் தொடவில்லை. ஆனாலும் அது செத்துப்போனால் என் ராசிதான் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். இப்போதே தேவைக்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசுவதில்லை. என்ன வைத்தியம் செய்வது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
மேனேஜரின் அப்பா வீட்டிலிருந்து.

* * *

மே 19

கடிதம் கிடைத்தது.

நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை. தினமும் சாயந்திரம் என் மகள் வீடியோவில் பேசுகிறாள். அப்போது எனக்கு மதியச் சாப்பாட்டு வேளை. அவள் பின்பக்கம் உட்கார்ந்துதான் பேசுவாள், செடியைக் காட்டாமல் ஒருநாளும் போனை வைத்ததில்லை. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினது போலப் பளபளவென்று இருக்கிறது. ஒரு புள்ளியையும் நான் பார்க்கவில்லை. பற்களில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் என் கண்ணில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை.

அடியில் இருக்கும் பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாவது இயற்கை. அதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். கவலை வேண்டாம், அவள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள்.

வேறு ஏதாவது என்னிடம் கேட்க வேண்டும் என்றால் நேராகக் கேளுங்கள். செடியைச் சாக்கு வைத்து எழுத வேண்டியதில்லை. "தொடாதீங்க" என்று அவள் சொன்னது கேட்க முரட்டுத்தனமாக இருந்திருந்தால் மன்னிக்கவும். அவள் என்னைப் போல.

இப்படிக்கு,
அவள் அம்மா.

* * *

ஜூன் 2

வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. பிறகு, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன் என்று தோன்றியது. கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். முக்கால்வாசி போய்விட்டது.

இந்த உறைக்குள் ஓர் இலை வைத்திருக்கிறேன். கடையில் கருவியோடு வருகிற பஞ்சுத் தாளில் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரியுங்கள். இது அடியிலிருந்த பழைய இலை இல்லை, நடு இலை. நான் பறிக்கவும் இல்லை. குப்பைத் தொட்டியில் கிடந்தது. குப்பை வண்டி வருகிற அன்று பையைக் கட்டப் போனால் அடியில் செய்தித்தாள் பொட்டலம் ஒன்று. பிரித்தால் இதே மாதிரி ஒரு கை நிறைய. யாரோ கத்தரித்து, மடித்து, கண்ணில் படாமல் அடியில் அமுக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர். நான் செய்யவில்லை. அவருக்கு இவ்வளவு பொறுமை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

பாத்தி சுமார் எட்டடி நீளம். இடது ஓரத்தில் ஒரு கொத்து இன்னும் பச்சையாக இருக்கிறது. நீங்கள் தினமும் பார்ப்பது அந்தக் கொத்தைத்தான் என்று நினைக்கிறேன். வலது பக்கம் போனால் உங்களுக்கே மனசு கேட்காது.

நான் உங்களிடம் வேறு எதையும் கேட்க வரவில்லை. நிஜமாகவே செடிக்கு மருந்துதான் கேட்கிறேன். என் பிழைப்பு காது. வருகிறவர்களில் பாதிப் பேர் எனக்கு நன்றாகவே கேட்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் வாங்க என்பேன். உங்களுக்கும் அதேதான் சொல்கிறேன், இலையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
நான்தான்.

* * *

ஜூன் 15

அன்புள்ளவருக்கு,

இலையைப் பார்த்தேன். என் மேசை விளக்கில், பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. சாக்கு என்று எழுதியதை மன்னித்துவிடுங்கள்.

இது இலைப்புள்ளி நோய். ஒருவகைப் பூஞ்சை. இலைமேல் தண்ணீர் தங்கினால் வரும், ஒரு செடியில் வந்தால் தண்ணீர் தெறித்துப் பக்கத்துச் செடிக்கும் போகும். சாகடிக்காது, ஆனால் இலையைத் தின்று தின்று செடியை ஓய்த்துவிடும். முதலில் புள்ளி விழுந்த இலைகளை அடியோடு வெட்டுங்கள். பாதி இலை பச்சையாக இருந்தால் கெட்ட பாகத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டினால் போதும். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே நோயைப் பரிமாறுவீர்கள். வெட்டியதை உரக்குழியில் போடக்கூடாது, குப்பைக்குத்தான். தண்ணீர் காலையில், அதுவும் மண்ணில் மட்டும். மண் காய்ந்திருந்தால் மட்டும்.

அதைவிட முக்கியம் குழி. ஐரிஸ் கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும், வெயில் அதன்மேல் விழ வேண்டும். ஆழத்தில் புதைத்தால் அழுகும். அவரிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் "சரியாயிடும்" என்றிருப்பார். லிஃப்டைத் தவிர வேறு எதையும் அவர் சரிசெய்து நான் பார்த்ததில்லை. ஒரு கிழங்கை விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்தோம். கொழகொழவென்று நாற்றமடித்தால் ஜூலை கடைசியில் எல்லாவற்றையும் தோண்டியெடுத்துச் சுத்தம் செய்து திரும்ப நட வேண்டும். இப்போது வேண்டாம்.

அவள் எதற்காக இலையை ஒளிக்கிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் நீங்கள், கொஞ்சம் கவனித்துப் பார்த்து எழுதுங்கள். இதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஜூலை முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடலாம் என்றுதான் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, மகளும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாள். பள்ளிக்கூடம் நல்லா இருக்கு, சாப்பாடு நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு என்கிறாள். அவளுடைய அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவள் அம்மா.

* * *

ஜூன் 30

அன்புள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று சில நாள் தள்ளிப்போட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டபடி கவனித்தேன். கடையிலிருந்து சீக்கிரம் வந்து சமையலறை ஜன்னலில் நின்றேன். உங்களிடம் பேசுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் வெளியே வந்தாள். காய்ந்த இலைகளைப் பள்ளிக்கூடத்துக் கத்தரியால் வெட்டிப் பொட்டலம் கட்டினாள். குவளையில் தண்ணீர் மொண்டு செடிகளின் தலையோடு தெளித்தாள். பழைய துண்டால் இடது ஓரத்துக் கொத்தை மட்டும் இலை இலையாகத் துடைத்தாள். துண்டை ஒளித்தாள், தலையைச் சீவினாள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உங்களைக் கூப்பிட்டாள். அரைமணி நேரம் சிரிப்பும் பேச்சுமாக இருந்தாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டுக்குள் நான் கேட்டதே இல்லை.

போனை வைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எதுக்குடா இவ்வளவு மேக்கப் போடுறே செடிக்கு?" என்றேன்.

"பளபளன்னு இருந்தாதான் அம்மாவுக்குப் பிடிக்கும்."

"புள்ளி விழுந்திருக்குன்னு சொன்னா அம்மாவே மருந்து சொல்லுவாங்களே."

"சொல்லக்கூடாது."

"ஏன் சொல்லக்கூடாது?"

கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "ஏர்போர்ட்ல அம்மா சொன்னாங்க. செடி நல்லா இருந்தா நீயும் நல்லா இருக்கேன்னு நெனச்சுக்குவேன், நிம்மதியா வேலை பார்ப்பேன்னு. இது செத்துப்போச்சுன்னா அம்மா என்ன நெனப்பாங்க?"

"சரி, நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். "தெரியல" என்றாள். அவ்வளவுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து அவளுக்குக் காலையில் வயிற்றுவலி. பல நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். உங்களிடம் சொல்லக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள். அவள் அப்பா என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். இன்று அந்தச் சத்தியத்தை நான் மீறிவிட்டேன்.

தண்ணீர் விஷயத்தை அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாக எடுத்தேன். இலை நனையக்கூடாதாம், கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னார் என்றேன். அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து, "அப்போ நான்தான் கெடுத்தேனா?" என்றாள். "சேச்சே, உங்கப்பா தோண்டின குழிதான் காரணம்" என்றேன். அவர் தலை நிமிராமலே "ஆமா, என் தப்புதான்" என்றார். பாதி உண்மைதானே. அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், பழியைப் போட்டால் வாங்கிக்கொள்வார்.

இனி நான் தள்ளிப்போட்ட காரணம். இதைப் படித்தால் நீங்கள் அந்தக் கையெழுத்தைப் போடமாட்டீர்கள். வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். அவள் இங்கே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. என்னை அதட்டுகிறாள், நான் மடிக்கிற துணியைத் திரும்ப மடிக்கிறாள், எனக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிடாமல் "இங்க பாருங்க" என்றே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். இருந்தும் பிடித்திருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் இரண்டு வருஷம் அவள் எனக்கு. அதனால்தான் தள்ளிப்போட்டேன். தினமும் இலையைத் துடைக்கிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு அந்த இரண்டு வருஷத்தை நான் எப்படி அனுபவிப்பேன், சொல்லுங்கள்.

கிழங்கை அமுக்கிப் பார்த்தேன். வலது பக்கத்தில் மூன்று கொழகொழவென்று இருக்கின்றன.

இப்படிக்கு,
அன்புடன்,
நான்.

* * *

ஜூலை 12

அன்புள்ளவருக்கு,

முதலில் கோபம் வந்தது உங்கள்மேல்தான். என்னிடம் ஒரு வருஷமாகச் சொல்லாததை உங்களிடம் ஒரு சாயந்திரத்தில் சொல்லிவிட்டாளே என்று. மெழுகில் ஒரு பல்லை மூன்று தடவை செதுக்கி மூன்று தடவையும் கெடுத்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருப்பேன். ஏர்போர்ட்டில் பெட்டியை எடை போட்டுக்கொண்டே ஆளுக்கு எதையாவது சொல்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை தினமும் துண்டும் கையுமாக நிற்கும் என்று யார் கண்டார்கள்.

நேற்று அவள் கூப்பிட்டாள். வழக்கம் போலப் பச்சைக் கொத்தைக் காட்டினாள். "அழகா இருக்கு கண்ணு. புள்ளி விழுந்த இலை ஒண்ணு காட்டு" என்றேன்.

"அதெல்லாம் இங்க இல்லம்மா."

"இருக்கு. எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

நான் மேசையிலிருந்த உங்கள் இலையை எடுத்துக் காமிராவில் காட்டினேன். அவள் முகத்தைப் பார்த்தபோதே அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தது. "அவங்களா? அவங்க சொல்லிட்டாங்களா?" என்றாள். போனை வைத்துவிட்டாள். உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். சொல்லாதீர்கள் என்று உங்களுக்கு எழுதிய நானே போட்டு உடைத்தேன். உங்கள் வீட்டில் அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள். போனைத் திருப்பிப் பாத்தியின் வலது கோடி வரைக்கும் மெதுவாக நடந்து காட்டினாள். மஞ்சள், பழுப்பு, காய்ந்து மடங்கினது, எல்லாம். கடைசிச் செடிக்கு வந்ததும் அழ ஆரம்பித்தாள். நான் புறப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, தைரியசாலி என்று எல்லாரிடமும் பெருமை அடித்திருக்கிறேன். நானும் அழுதேன். பக்கத்து மேசைக்காரர் தன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நாசூக்காக வெளியே போய்விட்டார்.

கையெழுத்துப் போடவில்லை. செப்டம்பர் முதல் வாரம் வருகிறேன். அங்கேயே பழைய லேபில் கேட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்வார்கள். வீடும் பார்த்தாகிவிட்டது, உங்கள் பக்கம்தான், பஸ்ஸில் கொஞ்ச தூரம். இது உங்களுக்கு என்ன செய்யும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதினீர்கள். இதற்கு நன்றி என்று சொல்வது போதாது, வேறு வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் தோண்டிவிடுங்கள். அழுகின பாகத்தைக் கெட்டியான சதை தெரிகிற வரைக்கும் வெட்டி எறிய வேண்டும். நல்லதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒன்றிரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மேலாக நடுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும், காற்று உள்ளே போக வேண்டும். அவரிடம் கடப்பாரையைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா.

* * *

ஆகஸ்ட் 3

அன்புள்ளவருக்கு,

நீங்கள் பயந்தது நடந்தது. மேனேஜர் என்னோடு பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். "இங்க பாருங்க"வும் போயிற்று. உப்பு வேண்டுமென்றால் அப்பாவைப் பார்த்து, "உப்பு" என்பாள். என் கைக்குப் பக்கத்தில் உப்பு இருக்கும். அவர் எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. சத்தியத்தை மீறினது மீறினதுதான், அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

போன சனிக்கிழமை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் பின்பக்கம் போனேன். முதல் கிழங்கைத் தோண்டுவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. அவர் எவ்வளவு ஆழமாக நட்டிருக்கிறார் என்பதை ஒரு பாட்டாகவே பாடலாம். இரண்டாவது கிழங்கை நான் மண்வெட்டியால் நறுக்கென்று வெட்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இப்படியா தோண்டுவாங்க? நடுவுல வெட்டிட்டீங்க. சுத்தி எடுக்கணும். தள்ளுங்க."

தள்ளினேன். அதற்குப் பிறகு நான் கூலியாள், அவள் மேஸ்திரி. சுற்றி மண்ணை எடுத்தாள், கிழங்கைக் குலுக்கினாள், என் கையில் கொடுத்தாள். நான் கழுவினேன். அழுகினதைக் கத்தரியால் வெட்டும்போது வந்த நாற்றத்தில் இருவருக்கும் குமட்டியது. "அய்யோ, இது அப்பாவோட சாக்ஸ்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், பிறகு சிரித்திருக்கக்கூடாது என்று ஞாபகம் வந்து முகத்தை இறுக்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் இறுக்கிவைக்க முடியவில்லை, பாவம். மூக்கில் சோப்பு நுரை.

கடைசிக் கிழங்கைக் கழுவும்போது, "நான் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றாள்.

"சொன்னே. நான் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

"அம்மா வந்துடுவாங்கன்னு தெரிஞ்சும் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தக் கத்தரியைத் துடைச்சீங்களா?" என்றாள். துடைத்தேன் என்றேன். "காட்டுங்க" என்றாள்.

பத்துக் கிழங்கு தேறியது. மற்றதைக் குப்பையில் போட்டோம். முதுகு தெரிய நட்டிருக்கிறோம், இலையை விரல் நீளத்துக்குக் கத்தரித்துவிட்டோம். பார்க்க மொட்டையாக இருக்கிறது. அதையும் அன்று சாயந்திரமே உங்களுக்குக் காட்டிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அவளைப் பற்றிச் சில விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு வருஷத்தில் மாறியிருக்கிறாள். முட்டை இப்போது பிடிக்காது. செருப்பு ஒரு அளவு கூடிவிட்டது. அறை வாசலில் தட்டாமல் உள்ளே போகக்கூடாது. வயிறு வலிக்கிறது என்றால் வெந்நீர்ப் பை கொடுத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், காரணம் கேட்டால் வலி கூடும். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு சிநேகிதி, குள்ளி என்று கூப்பிடுவாள், ஆனால் அந்தப் பெண் இவளைவிட உயரம்.

நீங்கள் வருவது நல்லது. எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். அவளுடைய பெட்டிகளைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
நான்.

* * *

நவம்பர் 9

அன்புள்ளவருக்கு,

ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன் என்று சிரிப்பீர்கள். நேரில் சொல்ல வராது, போனில் எழுதினால் மேனேஜர் படிப்பாள். ஆகவே பழைய வழி.

செப்டம்பரில் அவளைக் கூட்டிப் போக வந்தபோது உங்களோடு இரண்டு நிமிஷம்கூட நான் பேசவில்லை. டாக்ஸி காத்திருக்கிறது என்றேன். டாக்ஸி காத்திருந்தது நிஜம்தான், ஆனால் அது காரணம் இல்லை. நீங்கள் பெட்டிக்கு மேல் வெந்நீர்ப் பையைக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

இங்கே நாங்கள் பரவாயில்லை. வயிற்றுவலி குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. போன வருஷம் முழுக்க என் மகளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இப்போது குறைக்கு அளவே இல்லை. வீடு சின்னது, என் சமையல் சப்பென்று இருக்கிறது, நான் தட்டாமல் உள்ளே வருகிறேன், என் உடையில் லேப் வாசனை அடிக்கிறது. கணக்குப் பரீட்சையில் தேறாததை நேராக வந்து மேசைமேல் வைத்தாள். திட்டலாம் என்று வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். காட்டினாளே, அது போதும் என்றிருந்தது.

முந்தாநாள் சாப்பிடும்போது, "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள்.

"சொல்லு."

"எனக்கு அங்க போகணும்போல இருக்கு."

"அப்பாவைப் பார்க்கணுமா?"

"அப்பா இருப்பாரு, எங்க போயிடப் போறாரு. நான் அவங்களைச் சொல்றேன்."

நான் எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்த தட்டு அது. வலித்தது, உங்களிடம் மறைக்க மாட்டேன். இவளுக்காக வேலையை விட்டு, கண்டம் விட்டுக் கண்டம் வந்து, ஒன்றரை அறை வீட்டில் குடியிருக்கிறேன். இவள் என் முகத்துக்கு நேராக இப்படிச் சொல்கிறாள். குழாயை நிறுத்துகிற வரைக்கும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தட்டில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அழப்போகிறேனா, கத்தப்போகிறேனா என்று. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறாள் என்று தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் சும்மா சொன்னேம்மா என்றிருப்பாள்.

"எப்போ போகணும்?" என்று கேட்டேன்.

"நிஜமாவா?"

"நிஜமாதான் கேக்கறேன்."

அவள் ஒரு முழுத் திட்டமே வைத்திருந்தாள், மேனேஜர் அல்லவா. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறி நேராக வீட்டுக்கு வருவாளாம். உங்களுக்குக் கடை இருந்தால் கடைக்கே வந்து உட்கார்ந்துகொள்வாளாம். ஞாயிறு சாயந்திரம் திரும்பி வருவாளாம். எல்லா வாரமும். உங்களைக் கேட்டாளா என்று கேட்டேன். "அவங்க சரின்னுதான் சொல்லுவாங்க" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, இருந்தாலும் கேட்பது முறை.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப் போக நானே வருகிறேன். போன தடவை மாதிரி டாக்ஸியை நிறுத்திவைக்கமாட்டேன். வாசலில் நிற்கட்டுமா, உள்ளே வரலாமா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அவள் அம்மா.